மீன் ஒரு காலில், பஸ் ஒரு காலில்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, இடது கால் ஷூவையும் வலது கால் ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்ப்பது. தோலின் நிறத்திலோ தையலிலோ முனையின் நீளத்திலோ நூலளவு வித்தியாசம் தெரிந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு வருஷம் இதையே செய்ததில் என் கண் கெட்டுப்போய்விட்டது. மங்கிப்போகவில்லை, வேண்டாத கூர்மை வந்துவிட்டது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மீசையில் இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் காட்பாடி வரும்வரை எனக்கு நிம்மதி இருக்காது. சித்தி மகள் கல்யாணத்தில் மணப்பெண் அறைக்குள் போய், "புருவம் ரெண்டும் ஜோடி சேரலியேடி" என்று சொல்லிவிட்டேன். போட்டோ எடுத்து முடிக்கும்வரை அவள் கண்ணாடியும் கையுமாக இருந்தாள். சித்தி என்னோடு ஆறு மாதம் பேசவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா நர்ஸ், பெரியம்மா நர்ஸ், அக்காவும் நர்ஸ். நானும் அப்படித்தான் ஆவேன் என்று சர்ச்சில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கோ ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். அதனால் காலணி டிப்ளமா படித்துவிட்டு ஆம்பூருக்கு வேலைக்குப் போனேன். அம்மாவுக்கு அது கடைசிவரை ஒப்பவில்லை. "நான் காலுக்குக் கட்டுப் போடறேன், நீ காலுக்குச் செருப்பு போடறே. மொத்தத்துல குடும்பமே அடுத்தவன் காலைப் புடிச்சிக்கினுதான் பொழைக்குது" என்பாள்.

மூன்றாம் வருஷம் என்னை சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். பையர் என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டுக் கம்பெனிகள் புது மாடல் கேட்டால் முதல் ஜோடியைச் செய்து காட்டும் அறை அது. அங்கே ஒரு மாஸ்டர் இருந்தார். உருது பேசுகிறவர், ஆம்பூர்க்காரர், ஐம்பது வயது. வாயில் ஆணியோ பாக்கோ எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். எதைச் சொன்னாலும் முதலில் "பேஜாரும்மா இது" என்பார். அப்புறம் உட்கார்ந்து செய்துவிடுவார்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் எக்ஸ்போர்ட் மேனேஜர் கையில் மூன்று தாள்களோடு சாம்பிள் ரூமுக்கு வந்தார். ஒரு தாளில் அவர் எழுதிய குறிப்பு. மற்ற இரண்டும் குழந்தைகள் வரைந்த படங்கள்.

"அர்ஜென்ட். ஒரே ஒரு ஜோடி. பையரோட ஊரு ஃபுட்பால் டீம்ல ஒரு கோல் கீப்பரு. அவருக்கு இந்த டிசைன்ல ஷூ வேணுமாம்" என்றார்.

"ஒரு ஜோடிக்கா சார் இவ்ளோ கலாட்டா?" என்றார் மாஸ்டர்.

"பையர் கேக்குறாங்க. செய்ங்க."

கோல் கீப்பரின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து தனியாக அனுப்பியிருந்தார்கள். மாஸ்டர் அதை மேஜைமேல் விரித்ததும் தையல் செக்ஷனிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஐரோப்பியக் கணக்கில் நாற்பத்தெட்டாம் நம்பர். எங்கள் கம்பெனியில் அந்த அளவுக்குக் கால் அச்சே கிடையாது. இருந்ததிலேயே பெரிய அச்சை எடுத்து, அதன்மேல் தோல் துண்டுகளை ஒட்டி ஒட்டி வளர்த்தார் மாஸ்டர். "காலா இது? இவரு நின்னாலே கோல் பாதி அடைஞ்சிடும். அப்பறம் கையெல்லாம் இன்னாத்துக்கு?" என்று வேலை முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் படத்தில் ஊதா நிறத் தண்ணீரில் ஒரு பச்சை மீன், வாய் நிறையப் பல். இரண்டாவது படத்தில் கறுப்பு ரோட்டில் ஒரு மஞ்சள் பஸ், ஏழு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு முகம், முன்னால் ஒரு டிரைவர். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மேனேஜரின் குறிப்பில் வேறு எதுவும் இல்லை. மாஸ்டர் பஸ் படத்தைத் தள்ளி வைத்தார். "பஸ்ல கால வெச்சி ஏறலாம். காலுல பஸ்ஸ மாட்டிக்கினு போவாங்களா?"

ஆகவே மீன். இரண்டு காலிலும் மீன், ஒன்றையொன்று பார்த்தபடி. மீனின் வாயில் மேலே ஒன்பது பல், கீழே பதினாலு பல் இருந்தது என் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. மேலே ஆறு, கீழே ஆறு என்று ஒழுங்குபடுத்தினேன். கோணலாக இருந்த வாலையும் நேராக்கினேன். வேலை முடிந்து மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது நூலளவு பிசகில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பொருத்தமான ஜோடியைப் பார்த்ததில்லை என்று மாஸ்டரிடம் நானே சொன்னேன். கூரியரில் அனுப்பினோம்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. மேனேஜர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "ரொம்ப அழகா இருக்குன்னு போட்டிருக்காங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கும் கடிதம் எங்கே போய் முடியும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

பஸ் வரைந்த பையன், என் ஷூ எங்கே என்று கேட்டானாம். மீன் வரைந்த பெண், என் மீனுக்கு ஏன் பல்லைப் பிடுங்கினீர்கள் என்று கேட்டாளாம்.

"யாரு சார் இவங்க? பையரா?" என்றேன்.

அதன்பிறகுதான் மேனேஜர், முதலில் ஈமெயிலில் வந்த கடிதத்தை முழுசாக அச்செடுத்துக் கொடுத்தார். மூன்று பக்கம். காகிதத்தை வீணாக்கக் கூடாது என்று அவரே நாலு வரியில் சுருக்கியிருந்தாராம். நான் படித்து மாஸ்டருக்குத் தமிழில் சொன்னேன். அந்த ஊரில், வீட்டில் கவனிக்க ஆள் போதாத பிள்ளைகளுக்காக ஒரு மன்றம் இருக்கிறது. பெரியவர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் அவர்களோடு இருக்க வேண்டும். விளையாடலாம், வீட்டுப்பாடம் செய்யலாம், சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஃபுட்பால் டீமில் எல்லோரும் அப்படிச் சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வரைந்த ஷூவை ஆட்டக்காரர்கள் போட்டுக்கொண்டு ஒரு நாள் மைதானத்துக்குள் நடந்துபோக வேண்டும். அப்புறம் அதை ஏலம் விட்டு மன்றத்துக்குக் கொடுப்பார்கள். கோல் கீப்பருக்கு வாய்த்த இரண்டு பிள்ளைகளும் அந்த மாதம் ஒருவரோடொருவர் பேச்சு கிடையாது. சேர்ந்து வரைய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இடது கால் பெண்ணுக்கு, வலது கால் பையனுக்கு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

மாஸ்டர் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "அப்டின்னா ரெண்டு காலும் வேற வேறயா? ஜோடியே கெடையாதா?"

"கெடையாது மாஸ்டர்."

"பேஜாரும்மா இது."

மூன்றாம் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. பஸ்ஸை ஓட்டுவது பையனின் அம்மா. அவளுக்கு மாலை ஷிஃப்ட். அதனால்தான் அவன் மன்றத்துக்கு வருகிறான். ஜன்னலில் இருக்கும் ஏழு பேரும் தினமும் அதே பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களில் யாரையும் விட்டுவிட வேண்டாம் என்று பையன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதைக் கேட்டதும் மாஸ்டர் பஸ் படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் காலை நான் போனபோது ஏழு முகங்களையும் நகத்தளவுத் தோல் துண்டுகளில் வெட்டி வரிசையாக வைத்திருந்தார். டிரைவரை மூன்று தடவை வெட்டியும் அவருக்குத் திருப்தி வரவில்லை. "ஆம்பள மாதிரியே தெரியுதும்மா" என்றார். தையல் செக்ஷனில் இருந்த ஒரு அக்கா, அணைக்கட்டிலிருந்து வருகிறவர், எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி இன்னா யோசன?" என்று சிவப்புத் தோலில் கடுகளவு வெட்டி நெற்றியில் ஒட்டிவிட்டார். வெள்ளைக்கார டிரைவருக்குப் பொட்டு. செக்கிங் செய்கிறவள் நான். படத்தில் இல்லாத பொட்டைப் பிய்த்து எறிய வேண்டும். கையில் இடுக்கியை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் யோசித்துவிட்டு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன். மீனுக்கு இருபத்துமூன்று பல்லையும் திருப்பிக் கொடுத்தேன்.

பெட்டியில் வைக்கும்போது 'ஜோடி சரி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட எனக்கு மனசே வரவில்லை. மாஸ்டர்தான் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அவர் கையெழுத்தைப் போட்டார்.

இந்தத் தடவை ஒரு போட்டோ வந்தது. ஒரு மலைபோன்ற மனிதர் பஸ்ஸிலிருந்து இறங்கி மைதானத்துக்குள் நடந்து போகிறார். ஒரு காலில் மீன், ஒரு காலில் பஸ். முகத்தில் மட்டும், யாராவது சிரித்தால் உதைப்பேன் என்கிற கடுப்பு. போட்டோவை சாம்பிள் ரூம் சுவரில் ஒட்டினோம். கூடவே மன்றத்து அம்மா ஒருவர் எழுதிய கடிதமும் இருந்தது. பையன் அந்தச் சிவப்புப் புள்ளி என்ன என்று கேட்டானாம். அவன் அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டதாம். கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் இந்த மாதிரி மன்றம் உண்டா? ஷூ செய்தவர்களும் பிள்ளைகளோடு இருப்பார்களா?

"ஆமான்னு போடு" என்றார் மேனேஜர்.

"எங்க சார் இருக்கு?"

"நீ இருக்கியேம்மா. நல்லா இங்கிலீஷ் எழுதறே. நாலு வரி போடு. பையர் சந்தோஷப்படுவாங்க."

நாலு வரியோடு நான் நிறுத்தியிருக்கலாம். எழுத உட்கார்ந்ததும் கை நிற்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு பெண் பிள்ளைகளோடு உட்காருகிறேன் என்று எழுதினேன். சேர்ந்து படிக்கிறோம், பாடுகிறோம் என்றேன். ஒருத்திக்குப் படம் வரைவதில் ஆசை, இன்னொருத்தி முதலில் கூச்சப்பட்டாள், இப்போது வாயை மூடுவதில்லை என்றெல்லாம் சேர்த்தேன். சர்ச்சில் கண்ணீரோடு சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டு வளர்ந்தவள் இல்லையா, உருக்கம் தானாக வந்துவிட்டது. எழுதி முடித்துப் படித்தபோது அந்தக் கூச்சப்பட்ட பெண்ணை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

அந்த வருஷம் ஜூன் மாதம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பையர் ஆளுங்க வர்றாங்க. கூடவே அந்தக் கோல் கீப்பரும் வர்றாரு. இப்ப அங்க ஆட்டம் இல்லியாம், லீவு. சனிக்கிழமைதான் வருவேன்னு சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணுங்களப் பாக்கணுமாம்."

"எந்தப் பொண்ணுங்கள சார்?"

"நீ எழுதினியே, ஆறு பேரு."

"நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க!"

"நாலு வரி எழுதச் சொன்னேன். நீ ரெண்டு பக்கம் எழுதினே" என்றார். 

தையல் செக்ஷன் பெண்களிடம் போய் நின்றேன். மகள்களை ஒரு நாள் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். வெள்ளைக்காரர் வருகிறார், பிரியாணி உண்டு என்று தெரிந்ததும் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் கடிதத்தில் ஆறு என்று எழுதியிருந்ததால் ஐந்து பேரைக் கெஞ்சித் திருப்பி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஆறு பேரும் கேன்டீனுக்கு வந்தார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும். அதில் ஒருத்தி மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அதிகம் பேச மாட்டாள். இன்னொருத்தி ஆலங்காயம் போகும் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். முன்பல்லில் பெரிய இடைவெளி, வாயில் அதைவிடப் பெரிய கேள்விகள்.

"நாளைக்கு ஒருத்தரு வருவாரு. கேட்டா, சனிக்கிழமை சனிக்கிழமை அக்கா எங்களோட இருப்பாங்கன்னு சொல்லணும். சரியா?" என்றேன்.

"எந்த சனிக்கிழம?" என்றாள் பல் இடைவெளிக்காரி.

"எல்லா சனிக்கிழமையும்."

"இதுவரைக்கும் ஒரு சனிக்கிழமகூட வரலியேக்கா."

"இனிமே வருவேன். போதுமா?" என்றேன். அவள் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் அப்போதைக்கு என் எண்ணம்.

மறுநாள் கோல் கீப்பர் வந்தார். சாம்பிள் ரூம் வாசலில் குனிந்து நுழைந்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம், மாஸ்டர் மட்டும் காலைப் பார்த்தார். பார்த்தவர் முகம் சுருங்கிப் போனது. ஆம்பூர் வெயிலில் கால் வீங்கிவிட்டதாம், ரப்பர் செருப்பு போட்டிருந்தார். ஷூ ஊருக்கு ரப்பர் செருப்பில் வந்த விருந்தாளி. "கேளும்மா, நம்ம ஷூ எங்கன்னு கேளு" என்றார் மாஸ்டர். ஏலத்தில் போய்விட்டது என்று அவர் சொன்னதும் மாஸ்டருக்கு அது பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி பெருமையாகவும் வருத்தமாகவும் இருந்தது.

வெயில் தாழட்டும் என்று நாங்கள் சொல்லியும் கேளாமல், அவர் கம்பெனி வாசலில் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கோல் கம்பமாக வைத்து நடுவில் நின்றுகொண்டார். பேக்கிங் செக்ஷன் ஆட்கள் வரிசையாக வந்து உதைத்தார்கள். ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. மேனேஜர் உதைத்தார், அவருடைய செருப்புதான் உள்ளே போனது. பிறகு ஆறு பெண்களும் உதைத்தார்கள். அதையும் ஒன்று விடாமல் பிடித்துவிட்டார். பல் இடைவெளிக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சின்னப் புள்ளைங்களுக்குக்கூட ஒண்ணு வுட மாட்டாராக்கா? கேளு."

கேட்டேன். அவர் அவள் உயரத்துக்குக் குனிந்து, "வேண்டுமென்றே விட்டால் உனக்குத் தெரிந்துவிடுமே" என்றார்.  அது நியாயம் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். பந்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் பழைய இடத்துக்குப் போனாள். இன்னும் ஐந்து தடவை உதைத்தாள். அதையும் பிடித்தார்.

கேன்டீனில் பிரியாணி. அவருக்குக் கத்திரிக்காய்க் குழம்பு வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அதைத் தண்ணீர் மாதிரி ஊற்றிக்கொண்டார். கண்ணில் நீர் வழிய வழிய, எதிரில் இருந்த பெண்களிடம் பேச ஆரம்பித்தார். நான்தான் நடுவில் மொழிபெயர்த்தேன். அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் பையரின் சென்னை ஆபீஸிலிருந்து வந்த ஒரு மேடம்.

"சனிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

உயரமானவள் எழுந்து நின்று, "சனிக்கிழமை சனிக்கிழமை அக்கா எங்களோட இருப்பாங்க" என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

"அப்படியா? போன சனிக்கிழமை என்ன செய்தீர்கள்?"

உயரமானவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பல் இடைவெளிக்காரி எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "போன சனிக்கிழம நான் ஆடு மேய்க்கப் போனேன். இந்த அக்காவ நேத்துதான் மொத மொத பாத்தேன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "போன வாரம் வெளியே போய் விலங்குகளைப் பற்றித் தெரிந்துகொண்டோம் என்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

சென்னை மேடத்துக்குத் தமிழ் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். அவருக்குப் புரை ஏறிவிட்டது. இருமலும் சிரிப்புமாக மேஜையைப் பிடித்துக்கொண்டார். கோல் கீப்பர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அன்றுதான் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவள் அப்படிச் சொல்லவில்லை" என்றேன். "நான் எழுதியது பொய். இவர்களை நேற்றுதான் பார்த்தேன்."

அதைச் சொல்லும்போது என் காது இரண்டும் எரிந்தன. எழுந்து ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது.  கோல் கீப்பர் ஒரு டம்ளர் மோரை முழுதாகக் குடித்துவிட்டு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். டீம் மேனேஜர் உத்தரவு போட்டதால்தான் அவரும் அந்த மன்றத்துக்குப் போனாராம். பேப்பரில் படம் வரும் என்றார்களாம். முதல் சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளோடு ஓர் அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பயத்தில் பிள்ளைகளுக்காக வைத்திருந்த பிஸ்கட் எல்லாவற்றையும் அவரே தின்றுவிட்டார். இனிமேல் போவதில்லை என்றுதான் இருந்தாராம். அடுத்த வாரம் அந்த மீன் பெண் மன்றத்துக்கு போன் செய்து, பிஸ்கட் மாமா வருவாரா, கூட ஒரு பாக்கெட் எடுத்து வரட்டுமா என்று கேட்டாளாம். வெட்கப்பட்டுக்கொண்டு போயிருக்கிறார். நாலு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

"இன்றைக்கும் எனக்குப் பிள்ளைகளோடு பேசத் தெரியாது" என்றார். "போகிறேன், அவ்வளவுதான்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை ஒழுங்காக. பல் இடைவெளிக்காரி, "எல்லா பிஸ்கட்டையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கிளம்பும் முன் ஆறு பேரிடமும் தாள் கொடுத்து, அவரவருக்கு வேண்டிய ஷூவை வரையச் சொன்னார். உயரமானவள் கறுப்புப் பள்ளிக்கூட ஷூவை அளவெடுத்த மாதிரி வரைந்தாள். ஒருத்தி இரண்டு அங்குலக் குதிகால் வைத்தாள். பல் இடைவெளிக்காரி எதையும் வரையவில்லை. ஓடினால் சத்தம் கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டால், ஆடு மிரளாது, அம்மாவுக்கும் கேட்காது என்றாள். கோல் கீப்பர் தாள்களை மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் பேஜார் என்றுகூடச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசித் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை. ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் போன் செய்தார்.

"ஒங்களத் தேடி ஆறு பொண்ணுங்க வந்துகீதுங்க. வாரா வாரம் வர்றவங்கன்னு சொல்றாங்க. உள்ள வுடட்டா?"

திருப்பி அனுப்பத்தான் வெளியே போனேன். ஆறு பேரும் எண்ணெய் வைத்துத் தலை வாரி, பையோடு நின்றார்கள்.

"இன்னா இது? இங்க ஏன் வந்தீங்க?"

"சனிக்கிழமக்கா" என்றாள் பல் இடைவெளிக்காரி. "இனிமே வருவேன்னு சொன்னீங்களே. நீங்க எங்க வருவீங்கன்னு தெர்ல. அதான் நாங்களே வந்துட்டோம்."

கேன்டீனில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. டீக்கடையிலிருந்து பன் வாங்கி வரச் சொன்னேன். அவர்கள் கணக்கு நோட்டை எடுத்தார்கள். என் கணக்கு லட்சணம் இரண்டே வாரத்தில் உயரமானவளுக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை அதிகம் வாய் திறக்காதவள், நான் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டதும் பென்சிலை வாங்கி, "இப்டிக்கா" என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று இப்போதும் நினைவு வரவில்லை. ஜோடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. அதனால் என் ஒரு காதில் கம்மல் கொஞ்சம் கீழே தொங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

மாஸ்டர் மீந்துபோன தோலில், யாரிடமும் கேட்காமல், ஆறு ஜோடி ஷூ செய்தார். மேனேஜர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். சத்தம் கேட்காத ஷூவுக்குப் பஞ்சு போன்ற ஒரு அடித்தோலைத் தேடி வாணியம்பாடிவரை போய் வந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் கேன்டீனில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கத்தியதில் என் டீ கொட்டிவிட்டது. "ஜாஸ்தி நல்லா செஞ்சிட்டேன் போல" என்றார் மாஸ்டர்.

கோல் கீப்பருக்குப் போட்டோ அனுப்பினோம். அவர் வருஷத்துக்கு ஒன்றிரண்டு கார்டு போடுவார். அங்கே அந்த இரண்டு பிள்ளைகளும் ராசியாகிவிட்டார்கள் என்று ஒன்றில் எழுதியிருந்தார். மூன்றாம் மாதமே மறுபடி சண்டை என்று அடுத்ததில் எழுதினார்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. என்னைப் பெண் பார்க்க வருவதாக ஒரு சனிக்கிழமையை அம்மா குறித்துவிட்டாள். அந்த வாரம் வர முடியாது என்று பெண்களிடம் சொன்னேன். "நாங்க வர்றோம்" என்றார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த அணைக்கட்டு அக்கா தலைமையில் ஆறு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலேயே கூடத்தில் இடம் பிடித்துவிட்டார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் பல் இடைவெளிக்காரி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி என் காதில் ரகசியம் சொன்னாள்.

"அக்கா, ஏழாம் நம்பர்தான். ரெண்டுமே ஒரே பக்கம் தேஞ்சிருக்கு. நல்லவரு மாதிரிதான் தெரியுது."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

கல்யாணம் முடிந்தால் சென்னைக்குப் போக வேண்டும். சனிக்கிழமைகளை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை. மேனேஜர், நல்ல விஷயம், யாராவது செய்யுங்கள் என்றார். யாரும் முன்வரவில்லை. மாஸ்டரிடம் கேட்கவே எனக்குத் தயக்கம். அவருக்குப் பிள்ளைகளின் சத்தம் ஆகாது. அவரே ஒரு நாள் வேலை நடுவில், தலையை நிமிர்த்தாமல், "எத்தன மணிக்கு வருவாங்க அந்த ஆறு பேஜாரும்?" என்று கேட்டார்.

அவர்கள் பெரியவர்களாகி ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இரண்டு பேர் ஆம்பூரிலேயே ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒருத்தி நர்ஸானாள். அதில் என் அம்மாவுக்கு, தானே பெற்ற மாதிரி சந்தோஷம். உயரமானவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒருத்தி குடும்பத்தோடு பெங்களூர் போனாள். அவளைப் பற்றி அதன்பிறகு தகவல் இல்லை. பல் இடைவெளிக்காரி ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்து, எனக்கு நினைவில்லாத எதையாவது சொல்லித் திட்டுவாள்.

சென்னைக்குப் போன முதல் சனிக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மணி மூன்று ஆனதும் கம்பெனிக்கு போன் போட்டேன். வாட்ச்மேன் கேன்டீனுக்கு இணைப்பைக் கொடுத்தார். பல் இடைவெளிக்காரிதான் எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"எப்டி இருக்கீங்க எல்லாரும்? மாஸ்டர் வந்தாரா?" என்றேன்.

"அக்கா, இப்பப் பேச முடியாது. மாஸ்டர் வகுத்தல் கணக்கத் தப்பா போட்டுட்டு ஒத்துக்க மாட்டேங்கறாரு. அப்பறம் பண்ணுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.